ஆய்வுக் கட்டுரையை எந்த வழியில் வெளியிடுவது? சிங்கப்பூர்த் தமிழ் ஆய்வாளருக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துப் பட்டமும் வாங்கிய பிறகு, அதை எங்கே, எப்படி வெளியிடுவது என்ற கேள்வியில் மாதக்கணக்காகத் தேங்கி நிற்பவர்கள் இங்கே பலர். தேசியக் கல்விக் கழகத்தில் பகுதிநேரமாக முனைவர் பட்டம் முடித்த தமிழாசிரியர், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வு செய்தவர், சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டே கட்டுரை எழுதுகிறவர் என்று நிலைமைகள் வேறுபட்டாலும், அவர்கள் கேட்பது ஏறத்தாழ ஒன்றுதான். பெயர்பெற்ற ஆய்விதழுக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிடலாமா, காசு கட்டி எல்லோரும் படிக்கும்படி வெளியிடலாமா, தமிழ் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பலாமா, அல்லது பேசாமல் நூலாகவே போட்டுவிடலாமா?

நான்கையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் சார்பையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தமிழ் ஆய்வாளர்கள் இதழின் பெயரைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். அதே ஆய்வைத் தமிழில் மீண்டும் எழுதும் உரிமை தம் கையில் மிஞ்சுமா என்பதைப் பற்றிப் போதுமான அளவு கவலைப்படுவதில்லை.

## முதலில், எழுத்து யாருடையது?

வழியைத் தேர்வதற்கு முன், கொடுப்பதற்கு உங்களிடம் உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. அதற்காகப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அப்படி ஒரு பதிவேடும் இங்கே கிடையாது. ஆனால், வேலையின் பகுதியாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லாத வரை, முதலாளிக்கே சொந்தம் என்பதே சட்டத்தின் இயல்பான நிலை. பல்கலைக்கழகங்கள் தங்கள் அறிவுசார் சொத்துக் கொள்கையின் வழியாக ஆய்வுக் கட்டுரைகளின் உரிமையை எழுதியவருக்கே விட்டுக்கொடுப்பது வழக்கம் என்றாலும், உங்கள் நிறுவனத்தின் கொள்கையில் அந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. மாணவராக எழுதிய ஆய்வேடு பொதுவாக மாணவருக்கே உரியது. உபகாரச் சம்பளத்தோடு படித்தவர்கள் மட்டும் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பள்ளியில் தரவு திரட்டக் கல்வி அமைச்சிடம் பெற்ற அனுமதியில் வெளியீடு பற்றிய நிபந்தனைகள் இருக்கக்கூடும். அது பதிப்புரிமைச் சட்டத்தின்பாற்பட்டதன்று. ஆனாலும், கட்டுரை ஏற்கப்பட்ட பின் தெரியவந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடக் கூடியது. கூட்டாக எழுதியிருந்தால், உரிமையை மாற்றிக் கொடுக்கக் கூட்டாசிரியர் எல்லோருடைய ஒப்புதலும் தேவை.

## எதை வைத்து அளப்பது?

அளவுகோல்கள் ஐந்து. முதலாவது, இதை யார் படிக்க வேண்டும் என்பது: உலகளாவிய துறை வல்லுநர்களா, சிங்கப்பூரின் தமிழாசிரியர்களா, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள வாசகர்களா? இரண்டாவது, பதவி உயர்வுக் குழுவின் முன் இது எவ்வளவு எடை பெறும் என்பது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தரவுத்தளங்களில் ஏறிய இதழா என்ற கேள்விதான் நடைமுறையில் இதைத் தீர்மானிக்கிறது. மூன்றாவது, கைக்காசு. நான்காவது, காலம். ஐந்தாவது, இதே எழுத்தைக் கொண்டு பின்னாளில் நீங்கள் செய்ய நினைப்பவை: நூலில் சேர்ப்பது, வகுப்பில் கொடுப்பது, தமிழில் எழுதுவது.

முதல் நான்கும் கையெழுத்திடும் நாளில் கண்ணுக்குத் தெரிகின்றன. ஐந்தாவது தெரிவதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, தமிழ் மொழி விழாவை ஒட்டி ஆசிரியர்களுக்காக ஒரு தொகுப்பு வருகிறது, உங்கள் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் தாருங்கள் என்று யாரேனும் கேட்கும்போதுதான் அது தலைகாட்டும். மொழிபெயர்ப்பு என்பது சட்டத்தின் பார்வையில் மூலத்தின் தழுவல். அதைச் செய்யும் உரிமை பதிப்புரிமையாளருக்கே உண்டு. எழுதியவர் நீங்களே ஆனாலும், உரிமையை முழுவதுமாக மாற்றிக் கொடுத்துவிட்டால், உங்கள் கட்டுரையை உங்கள் தாய்மொழியில் வெளியிட நீங்களே அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

## வழி ஒன்று: சந்தா ஆய்விதழ்

பல்கலைக்கழக நூலகங்கள் சந்தா கட்டி வாங்கும் மரபான இதழ்கள் இவை. எழுதியவர் காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை. மதிப்பீட்டுக் குழுவின் முன் எடையும் அதிகம். காலம்தான் நீளும்: சக ஆய்வாளர் மதிப்பீடு, திருத்தம், மறுமதிப்பீடு என்று ஓராண்டைத் தாண்டுவது மனிதவியல் துறைகளில் வியப்பன்று.

இவ்வழியின் விலை, கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு வரும் ஒரு மின்படிவத்தில் இருக்கிறது. வாழ்த்துச் சொல்லும் மின்னஞ்சலில் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் மூன்று நான்கு பக்கங்கள் கடந்து ஓர் ஒப்பந்தம் விரியும். பதிப்புரிமை முழுவதையும், உலகம் முழுவதற்கும், எல்லா மொழிகளிலும், இப்போது அறியப்பட்டதும் இனி வரவிருப்பதுமான எல்லா ஊடகங்களிலும், உரிமைக் காலம் முடியும் வரை பதிப்பகத்துக்கு மாற்றித் தருவதாக அதில் ஒரு நீண்ட வாக்கியம் இருக்கும். சிங்கப்பூரில் உரிமைக் காலம் எழுதியவரின் ஆயுளோடு 70 ஆண்டுகள் என்பதால், உங்கள் பேரப்பிள்ளைகளின் காலம் வரை நீளும் ஒப்பந்தம் அது. ‘எல்லா மொழிகளிலும்’ என்ற அந்த ஒரு தொடருக்குள்தான் தமிழும் அடங்கியிருக்கிறது. கீழே ஒரு சிறு கட்டத்தைச் சொடுக்கினால் வேலை முடிந்தது. பெரும்பாலோர் அந்த வாக்கியத்தைப் படிக்காமலேயே சொடுக்கிவிடுகிறார்கள்.

இருந்தும் இவ்வழியை நான் தள்ளிவிடவில்லை. காரணம், இதற்குள்ளேயே இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. முதலாவது, தன்னேற்றம். மதிப்பீட்டுக்குப் பின் திருத்தி, இதழின் பக்க வடிவமைப்புக்கு முன் ஏற்கப்பட்ட கைப்பிரதியை நிறுவனக் களஞ்சியத்தில் இடப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்பேங்க், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிஆர்-என்டியு, சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் இன்க் ஆகியவை அத்தகைய களஞ்சியங்கள். களஞ்சியத்தில் இடும் முன் பொறுத்திருக்க வேண்டிய காத்திருப்புக் காலம் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும்: ஸ்பிரிங்கர் நேச்சரின் சந்தா இதழ்களுக்குப் பொதுவாக 12 மாதங்கள், சேஜ் இதழ்களிலோ நிறுவனக் களஞ்சியத்தில் உடனேயே இடலாம். ஒவ்வோர் இதழின் கொள்கையையும் ஷெர்பா ரோமியோ என்று பலகாலம் அறியப்பட்ட, ஜிஸ்க் நடத்தும் தளத்தில் இதழின் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இதழின் முத்திரையும் பக்க எண்ணும் கொண்ட இறுதிப் பிடிஎஃப் கோப்பை மட்டும் ஏற்றக் கூடாது. ரிசர்ச்கேட் தளத்தில் அத்தகைய கோப்புகள் குவிந்ததை எதிர்த்து எல்செவியரும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2017இல் ஜெர்மனியிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் தொடுத்த வழக்குகள் 2023இல்தான் சமரசத்தில் முடிந்தன.

இரண்டாவது வாசல், கேட்டுப் பார்ப்பது. கையெழுத்திடும் முன் பதிப்பாசிரியருக்கு நாலே வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அதன் சாரம் இப்படி இருந்தால் போதும்: இக்கட்டுரையின் தமிழ் வடிவத்தை எழுதி அச்சிலும் மின்வடிவிலும் வெளியிடும் உரிமையும், இதைத் தம் சொந்த நூலில் சேர்த்துக்கொள்ளும் உரிமையும் ஆசிரியருக்கு உண்டு; ஒவ்வொரு முறையும் முதல் வெளியீட்டின் விவரம் குறிப்பிடப்படும். நூலில் சேர்க்கும் உரிமையைப் பல பதிப்பகங்கள் தம் கொள்கையிலேயே தந்துவிடுகின்றன. மொழிபெயர்ப்புக்கான உரிமையைத்தான் தனியே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். தமிழ்ச் சந்தையில் அந்தப் பதிப்பகங்களுக்கு வருமானம் ஏதும் இல்லாததால், முன்கூட்டிக் கேட்டால் மறுப்பதற்கு அவர்களிடம் பெரிய காரணமும் இருப்பதில்லை. சொந்தமாக வாசகம் எழுதத் தயங்குகிறவர்கள் திறந்த அணுக்கத்துக்காகக் குரல் கொடுக்கும் ஸ்பார்க் அமைப்பு, ஒப்பந்தத்தோடு இணைப்பதற்காக வெளியிட்டுள்ள ஆசிரியர் பின்னிணைப்பை மாதிரியாகக் கொள்ளலாம். பதிலை எழுத்தில் வாங்கிச் சேமித்து வையுங்கள். உரிமை மாற்றம் எழுத்திலும் கையொப்பத்தோடும் இருந்தால்தான் செல்லும் என்று சட்டம் சொல்லும்போது, அதற்கான விதிவிலக்கை வாய்ப்பேச்சில் விடுவது சரியன்று.

பல்கலைக்கழக வேலையைத் தேடுகிறவர்களுக்கும், பணி நிரந்தரமாவதற்குக் காத்திருப்பவர்களுக்கும், மானியப் பணம் இல்லாதவர்களுக்கும் இதுவே முதல் தேர்வு.

## வழி இரண்டு: கட்டணம் கட்டித் திறந்த அணுக்கம்

2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கையோடு பெயர்பெற்ற திறந்த அணுக்கத்தின் நோக்கம் உயர்வானது: யாரும், எங்கிருந்தும், காசின்றிப் படிக்கலாம். வாசகர் கட்டாத காசை இங்கே எழுதியவர் கட்டுகிறார். ஏபிசி என்று சுருக்கிச் சொல்லப்படும் கட்டுரைக் கட்டணம் இதழுக்கு இதழ் பெரிதும் மாறும்; நேச்சர் இதழ் 2020 நவம்பரில் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அது உச்சம், சாதாரண இதழ்களிலும் ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். கட்டணம் பெரும்பாலும் அமெரிக்க டாலரிலோ யூரோவிலோ பவுண்டிலோ குறிக்கப்படுவதால் நாணய மாற்றில் கொஞ்சம் கரையும். தனிநபராகக் கட்டினால், 2024 முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரியும் சேரக்கூடும். பல்கலைக்கழக நூலகம் சில பதிப்பகங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கட்டணம் தள்ளுபடியாகலாம்; ஆனால், தொடர்புக்குரிய ஆசிரியர் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராக இருந்தால்தான் அது பொருந்தும். பட்டம் பெற்று வெளியேறிய பிறகு, பள்ளி மின்னஞ்சல் முகவரியிலிருந்து கட்டுரையை அனுப்பும் தமிழாசிரியருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. எனவே, மாணவராக இருக்கும்போதே, பல்கலைக்கழக முகவரியிலிருந்தே அனுப்பிவிடுவதால் ஆயிரக்கணக்கில் மிச்சமாகலாம்.

அடுத்தது உரிமம். ‘பதிப்புரிமை ஆசிரியரிடமே இருக்கிறது’ என்ற வரியைக் கண்டு நிம்மதி அடைந்துவிட முடியாது. பிறர் எழுத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எது, அதன் பின்னால் பதிப்பகத்தோடு என்ன ஒப்பந்தம் என்பதே முக்கியம். சிசி பை உரிமத்தில், பெயரைக் குறிப்பிட்டு யாரும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். நீங்கள் தமிழாக்க யாரையும் கேட்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் உங்களைக் கேட்காமலே தமிழாக்கி நூலாக விற்றால் அதையும் தடுக்க முடியாது. வணிகத்தைத் தடுக்கும் என்சி உரிமம் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால், தமிழ் விக்கிப்பீடியா போன்ற திட்டங்கள் அந்த உரிமத்திலுள்ள எழுத்தைத் தங்கள் பக்கங்களில் சேர்த்துக்கொள்ள முடியாது. என்டி என்று முடியும் உரிமம் மாற்றிய வடிவங்களைப் பகிர்வதைத் தடுக்கிறது. மொழிபெயர்ப்பும் அதில் அடக்கம். அந்த உரிமத்தைத் தேரும்போது வெளியீட்டுக்கான தனியுரிமையைப் பதிப்பகம் எழுதி வாங்கிக்கொள்வதும் உண்டு. அப்படியானால், ஆயிரக்கணக்கில் காசும் கட்டி, பதிப்புரிமையும் பெயரளவில் உங்களிடமே இருந்து, தமிழாக்க மட்டும் அனுமதி கேட்டு நிற்கும் நிலை வரும். இந்தக் காரணத்துக்காகவே, இவ்வழியில் போகிறவர்களுக்குச் சிசி பை உரிமத்தையே நான் பரிந்துரைப்பேன். யாரோ விற்றுவிடுவார்களே என்ற அச்சத்தைவிட, எழுதியவரே மொழிபெயர்க்க முடியாமல் போவதன் இழப்பு பெரிது.

போலி இதழ்கள் பற்றி ஒரு வார்த்தை. ஏழு நாளில் வெளியீடு, சான்றிதழ் இலவசம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அழைப்புகளைத் தொடவே வேண்டாம். ஆனால், பெரிய பெயர் இருந்தாலே ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது: வைலி நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிந்தாவியின் இதழ்கள் 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. திறந்த அணுக்க இதழ்களைத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் இதழ் இருக்கிறதா, பதிப்பாசிரியர் குழுவில் உங்கள் துறையில் நீங்கள் அறிந்த ஒருவராவது இருக்கிறாரா, அந்த இதழின் அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது நீங்கள் படித்து மதித்தீர்களா என்று பாருங்கள். மூன்றாவது சோதனையே ஏமாற்றாதது.

மானியத்திலேயே இந்தச் செலவுக்கு இடம் ஒதுக்கப்பட்டவர்களுக்கும், நிதியளித்தவரால் திறந்த வெளியீடு கட்டாயமாக்கப்பட்டவர்களுக்கும் இவ்வழி பொருந்தும். சேமிப்பிலிருந்து கட்ட நினைப்பவர்கள், முதல் வழியும் தன்னேற்றமும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே வாசகரைச் சென்றடையலாம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

## வழி மூன்று: கட்டணமில்லாத திறந்த ஆய்விதழ், தமிழ் ஆய்விதழ்கள் உட்பட

எழுதியவரும் கட்டாமல் வாசகரும் கட்டாமல், ஒரு பல்கலைக்கழகத் துறையோ அறிஞர் அமைப்போ செலவை ஏற்று நடத்தும் இதழ்களை வைர வழி என்பார்கள். தமிழில் எழுதும் ஆய்வாளருக்கு இயல்பான இடம் இதுவே. ஆசிரியர்கள் படித்து மறுநாளே வகுப்பில் பயன்படுத்துவது இங்கே நடக்கும்; ஆங்கில இதழில் வெளியான தமிழ்க் கல்வி ஆய்வு உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தின் ஓர் ஆசிரியர் பட்டறைக்குள் வந்துசேர நெடுநாள் ஆகலாம்.

குறை, இரண்டாவது அளவுகோலில் இருக்கிறது. ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களில் தமிழில் எழுதும் இதழ்கள் அருகியே உள்ளன. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு நடத்திவந்த கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டதால், அதைக் காட்டி மதிப்பைச் சொல்லிவந்த தமிழ் இதழ்களுக்கு அந்தப் பிடியும் போயிற்று. சிங்கப்பூர் மதிப்பீட்டுக் குழுக்கள் அதை முன்பும் பெரிதாகக் கொண்டதில்லை. மற்றொரு மறைவான செலவு, நிலைப்பு. சிறு இதழ்களின் தளங்கள் நடத்துகிறவர் ஓய்வுபெற்றதும் மறைந்துபோகின்றன. நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண் இல்லாத கட்டுரையைப் பிறகு யாராலும் தேடிப் பிடிக்க முடியாது. வெளியான உடனே ஒரு படியை நிறுவனக் களஞ்சியத்திலோ, செர்ன் நடத்தும் செனோடோ என்ற திறந்த களஞ்சியத்திலோ இட்டால் நிலையான எண் கிடைக்கும்; அதற்குக் காசு இல்லை. இவ்விதழ்களில் பல, உரிமை பற்றி ஒப்பந்தமே செய்வதில்லை. கையெழுத்திட்ட மாற்றம் இல்லையென்றால் உரிமை உங்களிடமே நிற்கிறது என்பது வசதிதான்; ஆனாலும், பின்னால் நூலாகப் போடும்போது சிக்கல் வராமலிருக்க, ஒரு மின்னஞ்சலிலாவது அதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே ஆய்வை ஆங்கில இதழுக்கும் தமிழ் இதழுக்கும் ஒரே நேரத்தில், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருக்கு அனுப்புவது இரட்டை வெளியீடு என்ற குற்றச்சாட்டில் முடியும். ஆங்கிலத்தில் முதலில் வெளியிட்டு, இரு பதிப்பாசிரியருக்கும் தெரிவித்து, முதல் வெளியீட்டைக் குறிப்பிட்டுத் தமிழில் தருவதில் தவறேதும் இல்லை. நிரந்தர வேலையில் இருப்பவர்கள், ஏற்கெனவே போதிய ஆங்கில வெளியீடுகள் உள்ளவர்கள், தமிழாசிரியருக்காகவே எழுதுகிறவர்கள் இவ்வழியைத் தாராளமாக முதலிலேயே எடுக்கலாம்.

## வழி நான்கு: நூல்

ஆய்வேட்டை நூலாக்குவது என்றால், 1971இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக அச்சகமாகத் தொடங்கிய என்யுஎஸ் பிரஸ், தென்கிழக்காசிய ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஐசியாஸ் போன்ற பதிப்பகங்கள் ஆங்கில நூலுக்கு உண்டு. தேர்வாளருக்காக எழுதிய ஆய்வேட்டை வாசகருக்காகத் திரும்ப எழுத வேண்டியிருக்கும் என்பதே இங்கே பெரிய செலவு. அது காசில் தெரியாது, ஓராண்டு வார இறுதிகளில் தெரியும். ஆய்வேடு களஞ்சியத்தில் பொதுவில் இருப்பதால் பதிப்பகம் மறுத்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள், சமர்ப்பிக்கும்போதே சில ஆண்டுகளுக்கு மூடி வைக்கக் கேட்கலாம். நன்றாகத் திருத்தி எழுதிய நூல் வேறு, ஆய்வேடு வேறு என்பதைப் பதிப்பகங்கள் அறிந்தே இருக்கின்றன.

தமிழ் நூலுக்கு நம்மவர்கள் பெரும்பாலும் சென்னைப் பதிப்பகத்தையே நாடுகிறார்கள். ஒப்பந்தம் தொலைபேசிப் பேச்சாகவோ, அரைப்பக்கக் கடிதமாகவோ இருப்பது அங்கே சகஜம். இந்தியச் சட்டத்துக்கு உட்பட்ட ஒப்பந்தம் என்றால் ஆசிரியருக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுத்தில் தந்த உரிமை மாற்றத்தில் கால அளவு குறிக்கப்படாவிட்டால் அது ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். சிங்கப்பூர்ச் சட்டத்தில் இப்படி ஓர் இயல்பான எல்லை இல்லை. ஆகவே, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விற்கும் உரிமை, மின்னூல் உரிமை ஆகிய இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிப்பதும் அவசியம். அச்சுக்கு நீங்களே காசு கொடுத்துவிட்டு உரிமையையும் எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு மட்டும் ஒருபோதும் இணங்க வேண்டாம்.

சொந்தமாக இங்கேயே பதிப்பித்தால் உரிமை முழுவதும் உங்களிடம் நிற்கும். ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடமே பெறலாம். நூல் வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு படிகளை வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டப்படியான கடமை. ஆனால், சக ஆய்வாளர் மதிப்பீடு இல்லாத நூலுக்குப் பல்கலைக்கழகத்தில் எடை கிட்டத்தட்ட இல்லை. பிள்ளைகளின் அறைக்குள் அடுக்கிய பெட்டிகளை விற்றுத் தீர்ப்பதும் உங்கள் பொறுப்பே.

## பக்கவாட்டில் நான்கும்

| | கைக்காசு | மதிப்பீட்டு எடை | தமிழ் வடிவ உரிமை | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| சந்தா இதழ் | இல்லை | அதிகம் | கேட்டு வாங்கினால் மட்டும் | காத்திருப்புக் காலம் |
| கட்டணத் திறந்த இதழ் | ஆயிரக்கணக்கில் | இதழைப் பொறுத்தது | சிசி பை என்றால் உண்டு | வரி, நாணய மாற்று, என்டி உரிமம் |
| வைர வழி, தமிழ் இதழ் | இல்லை | குறைவு | பொதுவாக உண்டு | இதழின் ஆயுள் |
| நூல் | பதிப்பகத்தைப் பொறுத்தது | மதிப்பீடு பெற்றதற்கு மட்டும் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | திருத்தி எழுதும் காலம் |

## எல்லா வழிகளுக்கும் பொதுவான இரண்டு சிக்கல்கள்

முதலாவது, பிறர் பொருள். சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்களுக்குப் பழைய நாளிதழ்ப் பக்கங்களும் படங்களும் இல்லாமல் முடியாது. தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பான நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் படிக்கக் கிடைப்பதாலேயே மறுபதிப்பு உரிமை வந்துவிடுவதில்லை. 1887இல் தொடங்கிய சிங்கை நேசன் போன்றவை காலம் கடந்து பொதுவெளிக்கு வந்தவை. 1960களின் தமிழ் முரசுத் தலையங்கத்தையோ தேசிய ஆவணக் காப்பகப் படத்தையோ அப்படிக் கொள்ள முடியாது. ஒரு தலையங்கத்திலிருந்து நான்கு வரிகளை எடுத்து விவாதிப்பது, மூலத்தைக் குறிப்பிடும் வரை, நியாயமான பயன்பாடாகவே பெரும்பாலும் அமையும். முழுப் பக்கத்தைப் படமாக அச்சிடுவதற்கு அனுமதி கேளுங்கள். கேட்கும்போது வெளியீட்டு வழியையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில், ஐந்நூறு படி அச்சிடும் நூலுக்குக் கொடுத்த அனுமதி, உலகமே இறக்கிக்கொள்ளக் கூடிய திறந்த இதழுக்குச் செல்லாது. திறந்த இதழில் வெளியிடும்போது, அந்தப் படம் மட்டும் உரிமத்துக்கு உட்பட்டதன்று என்று படத்தின் கீழேயே ஒரு வரி போட வேண்டும்.

இரண்டாவது, செயற்கை நுண்ணறிவு. டெய்லர் அண்ட் பிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, தன் உள்ளடக்கத்தைப் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட்டோடு 2024இல் ஒப்பந்தம் செய்துகொண்டதும், எங்களைக் கேட்கவே இல்லையே என்று ஆய்வாளர்கள் பலர் குமுறினார்கள். உரிமையை மாற்றிக் கொடுத்தவரைக் கேட்க வேண்டிய கட்டாயம் பதிப்பகத்துக்கு இல்லை. அதனால் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டாலே தப்பித்துவிடலாம் என்று எண்ணுகிறவர்கள், சிங்கப்பூர்ச் சட்டத்தின் 244ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். சட்டப்படியான அணுக்கம் உள்ள எவரும், கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காக ஒரு படைப்பை நகலெடுக்க அது இடம் தருகிறது. வணிக நோக்கத்துக்கும் அது பொருந்தும், ஒப்பந்தத்தால் அதை விலக்கவும் முடியாது. ஆகவே, இந்த ஒரு கவலையை வைத்து வழியைத் தேர்வதில் இங்கே அவ்வளவு பொருள் இல்லை.

## இன்ன நிலையில் இன்ன வழி

வேலை தேடும் இளம் முனைவருக்கு: ஆங்கிலத்தில் இரண்டு கட்டுரைகள் சந்தா இதழுக்கு, தன்னேற்றத்தோடும் தமிழ் உரிமைக்கான மின்னஞ்சலோடும், அவை வெளியான பின் தமிழ் வடிவம் தமிழ் இதழுக்கு. பணியில் நிலைத்த தமிழாசிரியருக்கு: மூன்றாம் வழியே முதலில், பிறகு நூல். மானியத்தோடு வேலை செய்யும் அறிவியல் ஆய்வாளருக்கு: இரண்டாம் வழி, சிசி பை உரிமத்தில். ஓய்வுபெற்ற பின் வாழ்நாள் ஆய்வைத் தொகுக்கிறவருக்கு மதிப்பீட்டுக் குழு ஒரு பொருட்டே இல்லை. அவர் தமிழ் நூலை இங்கேயே பதிப்பித்து, மின்வடிவைத் திறந்த உரிமத்தில் விடலாம்.

எந்த வழியானாலும், கட்டுரை ஏற்கப்பட்டது என்ற மின்னஞ்சல் வந்த அன்றே இரண்டு கோப்புகளைப் பெயரிட்டுச் சேமியுங்கள். ஒன்று, திருத்தங்கள் முடிந்து ஏற்கப்பட்ட கைப்பிரதியின் வேர்டு கோப்பு. மற்றொன்று, கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அதையொட்டிய மின்னஞ்சல்களும். காத்திருப்புக் காலம் முடிந்து நூலகர் கேட்கும்போது பலரிடம் எஞ்சியிருப்பது இதழின் பிடிஎஃப் மட்டுமே. அதைக் களஞ்சியத்தில் இட முடியாது. கைப்பிரதி கூட்டாசிரியர் ஒருவரின் பழைய மடிக்கணினியில் இருந்திருக்கும். அவரோ வேறு நாட்டுக்கு மாறிப் போயிருப்பார்.